வார்டில் எல்லோருக்கும் மூச்சு 20: கணினிப் பதிவை மாணவிகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

செகண்ட்முள் (கேள்வி)

வணக்கம். நான் தனியார் நர்சிங் கல்லூரி ஒன்றில் டியூட்டர். அதற்கு முன்பு பதினோரு வருடம் வார்டு. நைட் டியூட்டி உடம்புக்கு ஒத்துவராமல் போனதால்தான் பாடம் நடத்த வந்தேன், பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

2021-22-இல் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. படிப்பை செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது, இரண்டாவது செமஸ்டரில் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் (மருத்துவத் தகவலைக் கணினியில் கையாள்வது) என்று ஒரு பாடம் வந்து சேர்ந்தது. வகுப்பில் 40 மணி நேரம், லேபில் 40 மணி நேரம். கல்லூரியில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் சரிசெய்வது நான்தான் என்பதால் பாடமும் என் தலையில் விழுந்தது. எங்கள் லேபில் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் உண்டு. ஆஸ்பத்திரி மென்பொருள் ஒன்றுகூடக் கிடையாது. மின்னணுப் பதிவேட்டின் நன்மைகள் பத்து எழுதுக என்று கேட்டால் பிள்ளைகள் பதினொன்று எழுதுவார்கள். அதில் குறையே இல்லை.

போன மாதம் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மெடிக்கல் வார்டு போஸ்டிங் போனேன். அந்த ஆஸ்பத்திரி ஒரு வருடத்துக்கு முன்புதான் கணினிக்கு மாறியது. மாறியது என்றால் பேப்பர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். டிபிஆர் சார்ட் (காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் தாள்) கட்டில் காலில் தொங்குகிறது, கேஸ் ஷீட் இருக்கிறது, அதற்குமேல் கணினியும் இருக்கிறது. வார்டுக்கு ஒன்றே ஒன்று. ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர்கள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்வரை நர்சுகளுக்குக் கிடைக்காது. அதனால் காலையில் எடுத்த வைட்டல்ஸ் (பிரஷர், நாடி, மூச்சு மாதிரி அளவுகள்) எல்லாம் மதியம் ஒன்றரை மணிக்கு, ஹேண்டிங் ஓவருக்கு முன்னால், மொத்தமாக ஏறும். ஏற்றுவது எங்கள் பிள்ளைகள். "எவ்ளோ ஸ்பீடா டைப் பண்றாங்க மேடம்" என்று இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

அன்று சும்மா ஒரு பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். 26 நோயாளிகள். 26 பேருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20. பத்தொன்பது பேருக்கு பிரஷர் 120/80. பதினாறாம் நம்பர் கட்டிலில் ஒரு பெரியவர், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) கேஸ். காலைத் தொங்கப்போட்டு, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். தோள் ஏறி இறங்குவது நர்சிங் ஸ்டேஷனில் இருந்தே தெரிகிறது. போய்ப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 32. திரையில் அவருக்கும் 20.

டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம், நெபுலைசர் போட்டார்கள், சாயங்காலம் கொஞ்சம் அடங்கினார். அது ஒரு பக்கம். அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்து, ஏன் 20 போட்டாய் என்று கேட்டேன். அவள் பயப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "காலைல நான் மூச்சு எண்ணல மேடம். அந்தக் கட்டத்துல சிவப்பு ஸ்டார் இருக்கு. காலியா விட்டா சேவ் ஆகாது. எல்லாரும் 20தான் போடுவாங்க."

எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. எண்ணாததை எண்ணாததாக விடுவதற்கு அந்தத் திரையில் வழியே இல்லை. ஆஸ்பத்திரி அவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த கணினிப் பாடம் அதுதான். இன்னொன்று: வார்டு முழுவதும் ஒரே லாகின், இன்சார்ஜ் சிஸ்டருடையது. பாஸ்வேர்டைப் பிளாஸ்டர் துண்டில் எழுதி மானிட்டரின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் வகுப்பில் தகவல் பாதுகாப்பு அத்தியாயம் எடுத்தேன். முன்வரிசைப் பிள்ளைகளின் சிரிப்பு எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியை மாற்றுவது என் கையில் இல்லை. ஆனால் அந்தப் பதினான்கு பேர் என் கையில் இருக்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் யாராவது சொல்லுங்கள்: அவர்களுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

---

ஓய்வுபெற்ற ஸ்டெத்

கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீர்கள். 1984-இல் நான் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். அப்போதும் எல்லோருக்கும் பிரஷர் 120/80தான், அப்போதும் மூச்சு 20தான். விடியற்காலை நான்கு மணிக்கு நானே எழுதியிருக்கிறேன். இங்க் பேனாவில் எழுதிய பொய் அழகாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

பழைய கோடர்

மேடம், நான் எட்டு வருடம் ஆஸ்பத்திரி மென்பொருள் எழுதியவன். நீங்கள் சொல்லும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை என் கையாலேயே போட்டிருக்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியிலா என்று கேட்காதீர்கள், தெரியாது. ஆனால் அது எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

வாங்கும்போது பேச வருவது நிர்வாகம். கூடவே தரச்சான்று வேலையைப் பார்க்கும் ஒருவர் வருவார். "ஆடிட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது" என்பார். சரி என்று எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடுவோம். அதன்பின் டெமோ. குளிரூட்டிய அறையில் ஒரே ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பதிந்து காட்டுவோம், இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். 26 பேருக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு ஸ்டாஃப் நர்சைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எட்டு வருடத்தில் அப்படி ஒரு நர்ஸ் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்தது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை அவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் சார் சொல்வது பாதிதான் சரி. பேப்பரில் காலியாக விட்டால் அது காலி என்று கண்ணுக்குத் தெரியும். நாங்கள் அந்தக் காலியிடத்தையே ஒழித்துவிட்டோம். அப்புறம், பேப்பரில் எழுதிய 20 அந்தக் கட்டிலோடு போயிற்று. கணினியில் போடும் 20, மாதக் கடைசியில் ரிப்போர்ட்டாகி, வண்ண வண்ண கிராஃபாகி, மேலே ஒருவர் கையெழுத்துப் போடும் காகிதம்வரை போகிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு விஷயம். பதியும்போது கணினி தானாக ஒரு நேரம் போட்டுக்கொள்ளும், அது டைப் செய்த நேரம். அளந்த நேரத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். காலை எட்டு மணிப் பிரஷர் ஒன்றரை மணிப் பிரஷராக ஏறினால், நடுவில் பத்து மணிக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டர் நினைத்துக்கொள்வார். இரண்டாவது, ‘எடுக்கவில்லை’ என்று ஒரு தேர்வும் அதற்கு ஒரு காரணமும் சேர்ப்பது எங்களுக்கு அரை நாள் வேலை. உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால்தான் எங்கள் பக்கம் அதற்கு டிக்கெட் நம்பர் விழும். வாய்ப்பேச்சுக்கு விழாது.

ஒரே லாகின் விஷயம் எனக்கும் தெரியும். ஆள் மாறினால் பழைய லாகினை மூடிப் புதியது திறக்க எங்கள் மென்பொருளில் ஒன்றரை நிமிடம் ஆகும். நோயாளி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது யார் அதைச் செய்வார்கள்?

---

புளியமரத்து டவர்

மேடம், நான் விஎச்என், அதாவது கிராம சுகாதார நர்ஸ். கல்வராயன் மலைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். உங்களை மாதிரி கல்லூரிப் பிள்ளைகள் கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு எங்களிடமும் வருவார்கள். வந்த முதல் நாள் செல்ஃபி, இரண்டாம் நாள் "சார்ஜர் எங்கே மேடம்", மூன்றாம் நாள்தான் வேலை.

எங்கள் ஆப்களை எண்ணினால் ஒரு கை போதாது. தாய்மாருக்குப் பிக்மி, தடுப்பூசிக்கு யுவின், காசநோய்க்கு நிக்ஷய், சர்க்கரை பிரஷருக்குத் தனி, ஆபா என்கிற சுகாதார அடையாள எண் எடுக்கத் தனி. ஒரே பெண்ணின் பெயரை மூன்று இடத்தில் அடிப்பேன். ஒன்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் ஆதாரில் உள்ளபடி. பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று நான் நிரூபிக்க வேண்டும். இதோடு பெரிய ரெஜிஸ்டரும் எழுதியே ஆக வேண்டும். ரிவ்யூ மீட்டிங்கில் ஆபீசர் முதலில் கேட்பது ரெஜிஸ்டரைத்தான்.

ஓடிபி கதை ஒன்று சொல்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி, மேல் கிராமம். வீட்டில் இருப்பது ஒரே போன், அது புருஷன் கையில். அவர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருக்கிறார். ஓடிபி அங்கே விழும். அவர் மரத்தில் ஏணி மேல் நிற்கும்போது நான் கூப்பிட்டு, "தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், படிச்சு சொல்லு" என்றால், "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதிலயே போட்டிருக்கே" என்கிறார். அவர் சொல்வதில் என்ன தப்பு? கடைசியில் மாமியாரிடம் பேசவைத்து ராத்திரி வாங்கினேன். அதற்குள் அது காலாவதி.

ஆனாலும் ஒரேயடியாக ஆப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற பெண் எங்கே போனாள், என்ன ஊசி போட்டாள் என்று தெரியாது. இப்போது கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினால் அந்த ஊர் நர்ஸ் பார்த்துக்கொள்கிறார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பதால் மறக்காமல் வாங்கிப்போகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணமும் அதை வைத்துத்தான். யாருக்கு எந்த வாரம் பிரசவம் என்ற பட்டியல் ஒரு தட்டில் வந்துவிடுகிறது. முன்பு அதற்கு இரண்டு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது உங்கள் 20-க்கு வருகிறேன். எனக்கே நடந்தது. ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 6.9. நிலையத்துக்குப் பின்னால் உள்ள புளியமரத்தடியில்தான் டவர் கிடைக்கும். அங்கே நின்று சாயங்காலம் பதினெட்டுப் பேரை ஏற்றும்போது அவளுக்கு 9.6 என்று அடித்துவிட்டேன். 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை, உடனே மேலே அனுப்ப வேண்டிய கேஸ். 9.6 என்றால் மாத்திரையோடு போய்விடும். ஆப் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு இரண்டும் எண்தான். ராத்திரி சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று அந்தப் பெண்ணின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு மாதிரி இருந்தது. எழுந்து போய் டைரியைப் பார்த்தேன், 6.9. மறுநாள் 108-இல் ஏற்றி அனுப்பினோம், ரத்தம் ஏற்றினார்கள்.

அதனால் போஸ்டிங் வருகிற பிள்ளைகளிடம் நான் போனைப் பைக்குள் போடச் சொல்கிறேன். முதலில் கண் ரப்பையை இழுத்துப் பார், உள்ளங்கையைப் பார், காலை அமுக்கிப் பார், அந்த அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசு. பிறகு டைரி. ஆப் கடைசியில். ஆபீசருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார், அங்கேயே உடனுக்குடன் ஏற்ற வேண்டும் என்பதுதான் உத்தரவு. டவரையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றலாம்.

---

யார்க்ஷயர் குளிர்

அக்கா, நான் இங்கிலாந்தில் வார்டு நர்ஸ். நம்மூரில் படித்து, நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். இங்கே ஆளுக்கொரு கையடக்கக் கருவி, ஆளுக்கொரு லாகின், அட்டையைத் தட்டினால் திறந்துகொள்ளும். ஆனாலும் மூச்சு எண்ணிக்கையில் இங்கேயும் இதே கதைதான். நம்மூரில் 20 என்றால் இங்கே 18. எல்லோருக்கும் 18!

இங்கே நியூஸ்-2 என்று ஒரு மதிப்பெண் முறை, நோயாளி மோசமாகிறாரா என்று முன்கூட்டியே காட்டுவதற்கு, 2017-இல் வந்தது. மூச்சு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம். 21 முதல் 24 வரை 2 மதிப்பெண். 25-ஓ அதற்கு மேலோ போனால் 3, அந்த ஒன்றுக்காகவே உடனே மேலே சொல்லியாக வேண்டும். உங்கள் பதினாறாம் கட்டில் தாத்தாவுக்கு 32, அப்படியென்றால் 3. 20 என்று போட்டதால் பூஜ்யம். கருவி தானாகவே கூட்டிப் பச்சை நிறம் காட்டிவிடும். பச்சையைப் பார்த்தபிறகு எவளும் கட்டிலுக்குத் திரும்பிப் போக மாட்டாள். இதைப் பிள்ளைகளுக்கு அப்படியே போர்டில் போட்டுக் காட்டுங்கள்.

பிரஷர், பல்ஸ், ஆக்சிஜன் எல்லாம் மெஷின் எடுத்துவிடுகிறது. மூச்சு ஒன்றைத்தான் சாதாரண வார்டில் இன்னமும் மனுஷிதான் எண்ணுகிறாள். அதனால்தான் அது மட்டும் விட்டுப்போகிறது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: கணினி படுத்துவிட்டால் என்ன செய்வது? 2017 மே 12 அன்று வானாக்ரை வைரஸ் இங்கே பல ஆஸ்பத்திரிகளை முடக்கியது. நான் வந்தது அதற்குப் பிறகு. ஆனால் எங்கள் வார்டில் இன்றும் ஒரு சிவப்புக் கோப்பு இருக்கிறது, உள்ளே வெற்றுப் பேப்பர் சார்ட்டுகள். போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி மூன்று மணி நேரம் சிஸ்டம் போயிற்று. இங்கேயே படித்த இளம் நர்சுகளுக்கு சார்ட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கத் தெரியவில்லை. நான் இழுத்தேன். அன்றைக்கு எனக்குத்தான் மவுசு.

---

செகண்ட்முள்

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னியுங்கள், இன்டர்னல் மார்க் போடும் வாரம். அதுவும் போர்ட்டலில்தான், அங்கேயும் சிவப்பு ஸ்டார்தான்.

டாக்டர் சார், நானும் எழுதியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

போன வியாழன் லேப் வகுப்பில் கணினியையே திறக்கவில்லை. பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்து, ஒருத்தி படியேறி இறங்கிவிட்டு வர, மற்றவள் மூச்சு எண்ண வேண்டும். எண்ணுவதாகச் சொல்லாமல் பல்ஸ் பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணு என்று சொன்னேன். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும். முதல் சிக்கல், பதினான்கு பேரில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் போனைத் தேடினார்கள். போனை வெளியே வைத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்கள், கழுத்து வலித்தது.

அடுத்து, அந்த வார்டுப் பிரஷர் எண்களைப் பெயர் இல்லாமல் போர்டில் எழுதினேன். இதில் எதெல்லாம் உண்மையாக எடுத்தது என்று கண்டுபிடியுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் முழித்தார்கள். 120/80 எல்லாம் சந்தேகம் என்று யாரும் சொல்லிவிடலாம். கடைசி வரிசையில் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், "மேடம், இந்த 127/83 தப்பு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அந்த வார்டுல இருக்கிறது முள் வெச்ச மீட்டர். கோடு ரெண்டு ரெண்டாதான் போட்டிருக்கும். 126 இருக்கும், 128 இருக்கும், 127 எப்படி வரும்?" எனக்கே அது தோன்றவில்லை. போய்ப் பார்த்தால் அந்த 127/83-ஐப் போட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். "எல்லாருக்கும் 120 போட்டா தெரிஞ்சிரும்னு மாத்திப் போட்டேன் மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

வார்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. எண்ணாத இடத்தில் என்ன போடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தோம்: அந்தக் கட்டாயக் கட்டத்தை நிரப்பவே வேண்டாம், அந்த நோயாளியின் பக்கத்தைத் திறக்காமல் விட்டுவிட்டு, எண்ணியபிறகு திரும்பி வந்து ஏற்று. முதல் நாள் ஆறு பேர் ஏறவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "என்ன மேடம், பசங்க டல்லாயிட்டாங்க" என்றார். விளக்கினேன். முகம் கொடுக்கவில்லை. அவருக்கும் மேலே இருந்து போன் வரும், அதுவும் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவரே பதினாறாம் கட்டில் பக்கம் நின்று மூச்சு எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

கோடர் தம்பி, ‘எடுக்கவில்லை’ தேர்வு கேட்டு ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து இன்னும் விழவில்லை. அளந்த நேரத்துக்கான கட்டம் நீங்கள் சொன்னதுபோலவே இருந்தது, வலது மூலையில், சாம்பல் நிறத்தில். இத்தனை நாள் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தோம். லாகின் விஷயத்துக்கு வழி தெரியவில்லை. பிளாஸ்டர் துண்டை மட்டும் பிய்த்து எடுத்தேன், மறுநாள் புதிதாக ஒட்டியிருந்தது.

புளியமரத்து டவர் மேடம், அடுத்த பேட்ச்சைக் கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு உங்கள் பக்கம் அனுப்ப முடியுமா என்று எங்கள் பிரின்சிபாலைக் கேட்கப்போகிறேன். எட்டுப் பேர் இருப்பார்கள். உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால்.

---

புளியமரத்து டவர்

அனுப்புங்கள் மேடம். பிஎச்சியில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டுவிடுங்கள். எட்டுப் பேர் என்றால் நான்கு நான்காகப் பிரித்து அனுப்பினால் நல்லது, வண்டியில் இடம் இல்லை, மேல் கிராமத்துக்கு நடைதான். முள் வைத்த கடிகாரம் ஆளுக்கு ஒன்று கட்டாயம். வெள்ளை ஷூ வேண்டாம், செம்மண்.